நானூற்று நாற்பத்தொன்பதாம் பக்கம்

ஒரு புத்தகத்தைப் பழுதில்லாமல் தயாரிக்க உலகில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அதைப் படிக்காமல் இருப்பது. இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்று தெரியவில்லை. ஆனால் அதைச் சிவப்பு எழுத்தில் எழுதி, சட்டம் போட்டு, பைண்டிங் பிரிவின் சுவரில் மாட்டிய பெருமை அந்த அச்சகத்தின் மேனேஜரையே சேரும். 'வேலை நேரத்தில் படிக்கக் கூடாது' என்றது பலகை. கீழே சின்ன எழுத்தில் 'மீறினால் விளக்கம் கேட்கப்படும்' என்றும் இருந்தது. பலகையைப் படித்தவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டதா என்பது பற்றிப் பதிவு எதுவும் இல்லை.

அந்தப் பலகைக்கு நேர் கீழே இருபத்தாறு வருடமாக நின்று வேலை பார்த்தவரைப் 'படிக்கட்டு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் அவருடைய தொழில். பதினாறு பக்கங்கள் சேர்ந்த ஒரு மடிப்புக்கு அச்சகத்தில் ஃபாரம் என்று பெயர். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருக்கும். முதல் ஃபாரத்தில் உச்சியில் இருக்கும், இரண்டாவதில் சற்றுக் கீழே, மூன்றாவதில் இன்னும் சற்றுக் கீழே. இயந்திரம் எல்லா ஃபாரங்களையும் வரிசையாக அடுக்கித் தள்ளியதும் முதுகைப் பார்த்தால் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு படி காணோம் என்றால் ஒரு ஃபாரம் விட்டுப்போயிருக்கிறது. ஒரே உயரத்தில் இரண்டு கட்டம் தெரிந்தால் ஒரே ஃபாரம் இரண்டு முறை சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. உள்ளே சட்டமா, சமையலா, காதலா என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம். முதுகைப் பார்ப்பார், சீட்டில் 'படிக்கட்டு சரி' என்று எழுதுவார், கையெழுத்துப் போடுவார்.

இருபத்தாறு வருடத்தில் புகார்ப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. மேனேஜர் அந்தப் பதிவேட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். முக்கியஸ்தர்கள் வந்தால் வெளியே எடுத்து, வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுவார். அவர்களும் கவனமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள். கல்லூரியில் கடைசி வருடம். வீட்டில் பேச்சு குறைந்து குறைந்து "சாப்டியா", "வந்துட்டியா", "சார்ஜரைப் பார்த்தீங்களா" என்ற மூன்று வாக்கியங்களில் வந்து நின்றிருந்தது. அந்த மூன்றையும் அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மகள் மற்ற நேரமெல்லாம் 'இருட்குருதி' என்ற நாவலோடு இருந்தாள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம், நாற்பதாயிரம் பிரதிகள். அதை எழுதியவரை வாசகர்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'இருள்வேந்தர்' என்றுதான் அழைப்பார்கள். மகள் அந்த நாவலின் வாசகர் வட்டத் தலைவி.

ஒரு நாள் அவள் கேட்டாள். "அப்பா, இது உங்க அச்சகத்துல பைண்ட் ஆனதுதானே? நீங்க படிக்கலையா?"

"நாப்பதாயிரமும் என் கை பட்டுத்தாம்மா போச்சு."

"கை பட்டுது சரி. கண்ணு பட்டுதா? வாழ்க்கையில ஒரு புத்தகமாவது முழுசாப் படிச்சிருக்கீங்களாப்பா?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அவருக்கு அப்படி வலித்தது. மகளோடு பேச நாலாவதாக ஒரு வாக்கியம் வேண்டும். அந்த நாவலிடம் அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான். மறுநாளே அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

'இருட்குருதி' எப்பேர்ப்பட்ட படைப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் இருபது பக்கத்துக்குள் நாற்பத்தொரு பேர் சாகிறார்கள். அதில் ஆறு பேர் கதைக்குள் வருவதற்கு முன்பே செத்துவிடுகிறார்கள். தொடர்ந்து மழை பெய்கிறது, ஆனால் யாருக்கும் சளி பிடிப்பதில்லை. 'கருணை' என்ற சொல் நாவலில் பதினோரு இடத்தில் வருகிறது. பதினோரு இடத்திலும் அது ஒரு கத்தியின் பெயர். முகமற்ற இளவரசன் ஒருவன் இருக்கிறான். முகமில்லாவிட்டாலும் பக்கத்துக்கு இரண்டு முறை புன்னகைக்கிறான்.

படிக்கட்டு பஸ்ஸில் படித்தார். சாயங்காலம் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தார். அன்றன்று படித்ததைக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மனைவிக்குச் சொல்வார். நூறாவது பக்கத்தில் அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. இருநூறாவது பக்கத்தில் ஏமாற்றம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. முந்நூறில் அவர் துணிந்து மகளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, கோட்டையில எழுநூறு தீப்பந்தம் இருக்குன்னு பன்னெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு. அப்புறம் ஏன் எல்லாரும் இருட்டுலயே நிக்கறாங்க? ஒருத்தராவது ஒண்ணைக் கொளுத்தக் கூடாதா?"

"இருட்டுங்கறது வெளிச்சம் இல்லாததால வர்றதில்லப்பா."

"பின்னே?"

"உள்ளேயிருந்து வர்றது."

அவர் தலையாட்டிக்கொண்டார். இத்தனை வயதில் தனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. "நல்லாத்தாம்மா இருக்கு. நிறைய பேர் சாகறாங்க" என்றார். மகள் மகிழ்ந்துபோனாள். அந்த ஒரு பொய்க்குக் கிடைத்த புன்னகைக்காக அவர் இன்னும் நூற்றைம்பது பக்கம் நடந்தார்.

ஒரு சாயங்காலம் ஒற்றைக்கண் தளபதியின் தலை வெட்டப்படும் கட்டத்தை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை நேத்தே சொல்லிட்டீங்களே?"

"எதை?"

"தளபதியைத் தூண்ல கட்டறது, காக்கா மூணு தடவை கத்தறது, தலை உருண்டு உருண்டு படியில இறங்கறது. நேத்து வெங்காயம் நறுக்கும்போது சொன்னீங்க. வெங்காயத்துக்கு அழறீங்கன்னு நான் சொன்னதுக்கு, இல்ல, தளபதிக்குத்தான் அழறேன்னு நீங்க சொன்னீங்க. இன்னிக்கு உருளைக்கிழங்கு."

"அது வேற தலையா இருக்கும்."

"அதே ஒத்தைக்கண்ணுதானே?"

அவர் புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். நாவல் இருண்ட நாவல் என்பதால் பக்கத்தின் நாலு ஓரமும் கறுப்பாக அச்சாகியிருந்தது. அந்தக் கறுப்பின் மேல் பக்க எண்ணை அடர்ந்த சாம்பலில் போட்டிருந்தார்கள். சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் பட்டால் மட்டும் எண் தெரியும். சாய்த்துப் பிடித்தார். நானூற்று முப்பத்து மூன்றிலிருந்து நானூற்று நாற்பத்தெட்டு. அடுத்து மறுபடியும் நானூற்று முப்பத்து மூன்றிலிருந்து நானூற்று நாற்பத்தெட்டு. அதற்கடுத்த பக்கம் நானூற்று அறுபத்தைந்து. அதில் தலை போன தளபதி குதிரைமேல் வந்துகொண்டிருந்தான்.

இருபத்தெட்டாம் ஃபாரம் இரண்டு முறை சேர்ந்திருக்கிறது. இருபத்தொன்பதாம் ஃபாரம் இல்லவே இல்லை.

அவருக்கு எல்லாம் நினைவு வந்தது. ஓரங்களை மடிப்பு வரைக்கும் கறுப்பாக்கியதில் ஃபாரங்களின் முதுகும் மொத்தமாகக் கறுத்துவிட்டது. கறுப்பின் மேல் கறுப்புக் கட்டம் எப்படித் தெரியும்? அன்றைக்கே மேனேஜரிடம் போய், "சார், படிக்கட்டு தெரியல" என்று சொன்னார். மேனேஜர், "இருட்டு நாவல்ல படிக்கட்டு தெரியாதுதான். நாளன்னிக்கு வெளியீட்டு விழா. பழக்கத்துல இறங்குங்க" என்றார். அவரும் பழக்கத்தில் இறங்கினார். எல்லாச் சீட்டிலும் 'படிக்கட்டு சரி' என்று எழுதினார். இருபத்தெட்டாம் ஃபாரம் தவறிப்போய் இரு மடங்கு அச்சாகியிருக்கிறது, யாரோ அந்தக் கட்டுகளை இயந்திரத்தின் இரண்டு பெட்டியில் போட்டிருக்கிறார்கள். எல்லாப் பிரதியையும் திறந்து பார்க்க வேண்டாம், ஒரு பிரதியைப் பார்த்திருந்தால் போதும். அவர் திறக்கவில்லை.

அதைவிட மோசம், இரண்டாம் முறை வந்ததை அவர் படித்தும் கவனிக்கவில்லை. காய் நறுக்கிய மனைவி கவனித்திருக்கிறாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிடங்குக்குப் போனார். அங்கே சுவரோரமாக, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடிய நீளமான கட்டு வரிசை ஒன்று இருந்தது. நாலு மாதமாக எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டார்கள். அவரும் சாப்பிட்டார்.

"அக்கா, இது என்னது?"

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அவள் யோசித்தாள். "தெரியலையே அண்ணா. அந்தக் கறுப்புப் புத்தகம் போன அன்னிலேர்ந்து இருக்கு. உயரம் சரியா இருந்துது. உக்காந்துட்டோம்."

அவர் விரிப்பைத் தூக்கினார். இருபத்தொன்பதாம் ஃபாரம், நாற்பதாயிரம். ஒன்றை உருவிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து, வாழ்க்கையில் முதன்முறையாக, அந்தச் சிவப்பு எழுத்துப் பலகைக்கு நேர் கீழே நின்று படித்தார்.

அந்தப் பதினாறு பக்கத்தில் மழை பெய்யவில்லை. தலை வெட்டுவதற்கு முதல் நாள் இரவு, வெட்டப்போகும் கொலையாளி தளபதியின் சிறைக்கு வருகிறான். அவனுக்குப் பல்வலி. வெட்டப்போகிறவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவன் தொழிலின் விதி. கழுத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஆனால் பல்வலியில் தூக்கம் வராமல் பேச்சுத் துணைக்காக வந்துவிட்டான். தளபதி கன்னத்தில் ஒத்தடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறான். பேச்சு வளர்கிறது. இருவருக்கும் ஒரே வயதில் பெண் குழந்தை இருப்பது தெரியவருகிறது. இருவருமே பிள்ளைகளுக்குப் பேன் பார்த்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். விடியும்போது கொலையாளி சொல்கிறான். "நான் உன் முகத்தைப் பார்த்துவிட்டேன். இனி என் கை உதவாது." மெழுகில் ஒரு தலை செய்கிறான். தூரத்திலிருந்து பார்த்த கூட்டத்துக்கு முன்னால் உருண்டது அந்தத் தலைதான்.

படிக்கட்டு அழுதார். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. நானூற்று நாற்பத்தெட்டு பக்கம் ஏமாற்றிய நாவல் இந்தப் பதினாறு பக்கத்தில் அவரை உட்காரவைத்துப் பேசியது. கடைசியில் இதன்மேல் உட்கார்ந்தா நாலு மாதம் சாப்பிட்டோம் என்று அவருக்கு மனசு தாங்கவில்லை.

பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் அவசர உயர்மட்டக் கூட்டம் கூடியது. உயர்மட்டத்தில் மேனேஜர், படிக்கட்டு, கிடங்கு அக்கா ஆகிய மூவரும் திரளாகக் கலந்துகொண்டனர்.

"எத்தனை பிரதில தப்பு?" என்றார் மேனேஜர்.

"எல்லாத்துலயும் சார்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை பேர் புகார் குடுத்திருக்காங்க?"

"யாரும் குடுக்கல சார்."

"யாருமேவா?"

"யாருமே."

மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பதிவேட்டைப் புரட்டி நிச்சயப்படுத்திக்கொண்டார். "நாப்பதாயிரம் பேர் சரிங்கறாங்க. நீங்க ஒருத்தர் தப்புங்கறீங்க. நீங்க எந்தப் பக்கம்?"

"நானூத்தி நாப்பத்தொம்பதாம் பக்கம் சார்."

"விளையாடாதீங்க."

"சார், நடுவுல கதையே அறுந்துபோச்சு. செத்தவன் குதிரைமேல வர்றான்."

"ஃபேன்டஸிதானே? வருவான்."

"விட்டுப்போனதுதான் சார் அந்தப் புத்தகத்துலயே நல்ல இடம்."

மேனேஜர் சந்தேகத்தோடு பார்த்தார். "அதிருக்கட்டும். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

படிக்கட்டு தலைகுனிந்தார். "படிச்சேன் சார்."

"எங்கே?"

"வீட்டுலதான்... பஸ்லயும்."

கிடங்கு அக்கா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "இருபத்தாறு வருஷ சர்வீஸ்" என்றார் மேனேஜர் வருத்தத்தோடு. "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல."

கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. இருபத்தொன்பதாம் ஃபாரம் காணாமல் போகவில்லை, அது 'கூடுதலாக அச்சாகியுள்ளது'. கிடங்கில் உட்கார மாற்று ஏற்பாடு செய்யப்படும் வரை மேற்படி ஃபாரம் தற்போதைய பணியிலேயே தொடரும். அக்கா நன்றி தெரிவித்தாள்.

ஆனால் படிக்கட்டுக்கு மனசு கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும், மகளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அன்று சாயங்காலம் அவள் மேஜையில் தாள்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தத் தளபதி..." என்று ஆரம்பித்தார். "அவன் ரெண்டு தடவை சாகறானே..."

மகள் துள்ளி எழுந்தாள். "அப்பா! நீங்களும் கவனிச்சீங்களா?"

"நீ கவனிச்சியா?"

"முதல் தடவையே! பக்க எண்கூடத் திரும்பி வருதுப்பா. ஒரு சொல் மாறல, ஒரு காற்புள்ளி மாறல. முதல் மரணம் தளபதிக்கு. ரெண்டாவது மரணம் படிக்கற நமக்கு. அதுக்கப்புறம் பதினாறு பக்கம் இல்லவே இல்ல பாருங்க, அந்த வெறுமையிலதான் அவன் உயிர்த்து எழறான். யாருமே இப்படி எழுதினதில்லப்பா. நிறைய பேர் இதைக் கவனிக்காமலே தாண்டிப் போயிடறாங்க."

ஒரு மணி நேரம் பேசினாள். அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். தன் கட்டுரையைப் படித்துக் காட்டி "இந்த வரி சரியாப்பா?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் அவள் அவரோடு பேசிய மொத்தத்தைவிட அது அதிகம். அவர் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமில்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. எழுதியவரே சொல்லிவிட்டால் போதுமே. அவர் வாயால் வந்தால் மகள் ஏற்றுக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசகர் மாநாடு. அரங்கில் கறுப்புத் திரை, கறுப்பு மேஜை விரிப்பு, கறுப்பு உடையில் முந்நூறு பேர். விளக்குகளை அணைத்திருந்ததால் மேடையேறிய பேச்சாளர் ஒவ்வொருவரும் ஒலிபெருக்கிக் கம்பியில் ஒருமுறை தடுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் கூட்டம் கைதட்டியது. மகள் தடுக்காமல் நடந்துபோய் 'இரண்டாம் மரணம்' பற்றிப் பேசினாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிறந்த வாசகர் என்று கேடயம் கொடுத்தார்கள். தப்பையே இவ்வளவு அழகாகப் பேசுகிற பிள்ளை சரியானதைப் படித்திருந்தால் எப்படிப் பேசியிருக்கும் என்று படிக்கட்டுக்குப் பெருமையும் துக்கமும் ஒன்றாக வந்தன.

இருள்வேந்தர் அந்த இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆகவே அவரை முழங்கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். கறுப்புப் பக்கத்தில் கறுப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். படிக்கட்டு வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, உங்க புத்தகத்தை பைண்ட் பண்ண இடத்துல வேலை பார்க்கறேன்."

"சந்தோஷம். என்ன பேர் போடணும்?"

"பேரெல்லாம் வேணாங்கய்யா. இதைக் கொஞ்சம் பாருங்க. உங்க நாவல்ல விட்டுப்போயிடுச்சு."

இருள்வேந்தர் கண்ணாடியைக் கழற்றி, ஃபாரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு பக்கம் படித்தார்.

"யார் எழுதினது?"

"நீங்கதாங்கய்யா."

"நானா?" இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். "இதுல யாரும் சாகலையே."

"ஆமாங்கய்யா."

"பேன் பார்க்கறதைப் பத்திப் பேசிச் சிரிக்கறாங்க வேற." முகத்தைச் சுளித்தார். சட்டென்று ஞாபகம் வந்தவராகத் தலையில் தட்டிக்கொண்டார். "ஓ, இதுவா! அப்போ எனக்கு ஒரு வாரமா நல்ல ஜுரம். ஏதோ எழுதிட்டேன் போலிருக்கு." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதை நாவல்லேர்ந்து எடுத்தது யாரு?"

"எடுக்கலைங்கய்யா. விட்டுப்போச்சு. என் தப்புதான்."

"தப்பா? என் மானத்தைக் காப்பாத்தியிருக்கீங்க!" என்று இருள்வேந்தர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூரத்தில் கேடயத்தோடு நின்ற மகள் அதைப் பார்த்தாள். தன் அப்பாவின் கையை இருள்வேந்தர் விடாமல் பிடித்திருப்பதைப் பக்கத்திலிருந்தவர்களுக்கும் காட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "என்னப்பா சொன்னார், என்னப்பா சொன்னார்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"என் வேலையைப் பாராட்டினார்ம்மா" என்றார் படிக்கட்டு. அது முழு உண்மை.

அடுத்த மாதம் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. வாசகர்களின் பேராதரவை முன்னிட்டு 'இரட்டை மரணப் பதிப்பு' வெளிவருகிறது, இருபத்தெட்டாம் ஃபாரம் இருமுறை சேர்க்கப்பட வேண்டும், இருபத்தொன்பது கூடவே கூடாது. இம்முறை தவறு நேரக் கூடாது என்பதற்காக முதுகுக் கட்டங்களை வெள்ளையில் போட்டிருந்தார்கள். படிக்கட்டு அவ்வளவு தெளிவான படிக்கட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இருபத்தேழு ஒரு படி, இருபத்தெட்டு ஒரு படி, அதே உயரத்தில் இன்னொன்று, பிறகு பல் விழுந்த வாய் மாதிரி ஒரு ஓட்டை. ஒவ்வொரு பிரதியிலும் அந்த ஓட்டை ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, 'படிக்கட்டு சரி' என்று கையெழுத்துப் போட்டார்.

கிடங்கில் புது பெஞ்சு வந்தது. இருபத்தொன்பதாம் ஃபாரம் மொத்தமும் பழைய காகிதத்தோடு லாரியில் ஏறியது. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஃபாரத்தை அவர் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார்.

ஒரு விடுமுறை நாளில் சமையலறை வாசலில் உட்கார்ந்து, புதுப் பதிப்பின் பிரதி ஒன்றைப் பிரித்து, இரண்டாவது இருபத்தெட்டை எடுத்துவிட்டு, இருபத்தொன்பதை வைத்தார். ஊசி நூல் கோத்துத் தைத்து, பசை தடவி, அட்டை போட்டு, மேலே செங்கல் வைத்து அழுத்தினார். உலகத்தில் சரியாக உள்ள ஒரே 'இருட்குருதி'. அதை மகள் மேஜைமேல் வைத்தார்.

"விஷயத்தைச் சொல்லிட்டுக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு? படிச்சா தெரிஞ்சுடும்" என்றார் அவர்.

ஒவ்வொரு சாயங்காலமும் மகள் முகத்தைப் பார்த்தார். பல்வலிக்காரன் வந்திருப்பானா, ஒத்தடம் வைத்திருப்பானா, பேன் பார்க்கும் இடத்துக்கு வந்திருப்பாளா என்று கணக்குப் போட்டார். சின்ன வயதில் அவளுக்குப் பேன் பார்த்தது அவர்தான். அது அவளுக்கு ஞாபகம் வரும் என்று நம்பினார்.

மூன்றாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி அலமாரி திறந்திருந்தது. பதிவேடு மேஜைமேல் விரிந்திருந்தது. முதல் தாளில் முதல் வரி ஏறியிருந்தது. மேனேஜர் கடிதத்தை நீட்டினார்.

'தங்கள் நிறுவனம் தயாரித்த இரட்டை மரணப் பதிப்பில், என் கைக்கு வந்த பிரதியில், தளபதி ஒரே ஒருமுறைதான் இறக்கிறார். தவிர, 449 முதல் 464 வரை தேவையில்லாத பக்கங்கள் நுழைக்கப்பட்டுள்ளன. குறைபாடுள்ள பிரதியை இத்துடன் அனுப்பியுள்ளேன். தலைவி, வாசகர் வட்டம்.'

அந்தக் கையெழுத்து நிறைந்த நோட்டுகளுக்கெல்லாம் பள்ளிக்கூடக் காலத்தில் அட்டை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பார்த்த உடனே தெரிந்தது.

"அந்தப் பிரதி எங்கே சார்?"

"விதிப்படி காகித அரவைக்குப் போயாச்சு. குறைபாடுள்ளதை எதுக்கு வச்சிருக்கணும்?"

சாயங்காலம் மகளே ஆரம்பித்தாள். "உங்க அச்சகத்துலேர்ந்து ஒரு மோசமான பிரதி வந்திருந்துதுப்பா. அப்படியே விடக் கூடாதுன்னு புகார் எழுதிப் போட்டேன். பயப்படாதீங்க, உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மிஷின் கோளாறா இருக்கும்."

"அந்தப் பதினாறு பக்கத்தைப் படிச்சியாம்மா?"

"அதை எதுக்குப்பா படிக்கணும்? அதான் தப்புன்னு பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சே."

அவர் "சரிம்மா" என்றார். பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார்.

மறுநாள் விளக்கப் படிவம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் படிவம் என்பதால் தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. 'குறைபாடு' என்ற இடத்தில் மேனேஜரே நிரப்பியிருந்தார்: 'ஒரு பிரதி சரியாக வெளியாகிவிட்டது.' மீதியை அவர் நிரப்ப வேண்டும். படிக்கட்டு சிவப்பு எழுத்துப் பலகைக்குக் கீழே நின்று, பேனாவைத் திறந்து, 'காரணம்' என்ற இடத்தில் 'படித்துவிட்டேன்' என்று எழுதினார்.

'இனி இவ்வாறு நிகழாமலிருக்க உறுதிமொழி' என்று அடுத்த கட்டம் கேட்டது. அவர் நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்:

'இனிமேல் மற்ற நாற்பதாயிரம் வாசகர்களைப் போலவே நானும் படிக்காமல் நடந்துகொள்வேன்.'